மாக்கோலத்தின் மேல் இரண்டு விமானங்கள்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவலாளாக நான் சேர்ந்தபோது என் மனைவி என்னோடு இல்லை. காளையார்கோயிலில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சண்டை போட்டுப் போகவில்லை. சலித்துப் போய்ப் போனாள். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியதிலிருந்து நான் எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, ஆந்திரா பக்கம் போர்வெல் லாரி, பாலக்காட்டில் கல்குவாரி, மறுபடியும் போர்வெல். லாரியில் இடது கைச் சுண்டுவிரல் போயிற்று. மற்றபடி சேதம் இல்லை. எங்கே வேலை பார்த்தாலும் முதலாளி முகம் மாறத் தொடங்கியதும், அவர் போகச் சொல்வதற்கு முன்னால் நானே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதை நான் ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைத்ததைச் சொல்லப் போன் செய்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே கதவுக்குப் பின்னால ஒரு வருஷம் இருந்து காட்டுங்க, வாரேன். பதினோரு மாசம் இருந்துட்டுக் கூப்பிடாதீக."

அந்த வீடு ஐந்து பங்குக்காரர்களுக்குப் பொது. யாரும் அங்கே குடியிருக்கவில்லை. ஆளுக்கு ஓர் அறை, அதற்கு அவரவர் பூட்டு. மற்ற இடமெல்லாம் பொது, அதற்கான சாவி என்னிடம். சேர்ந்த அன்று ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனில் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். வெளியாளை உள்ளே விடக்கூடாது. ஐந்து பேரில் யாராவது ஒருவர் விசேஷத்துக்கு வீட்டை எடுப்பதானால் மற்ற நாலு பேருக்கும் நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் யார் வந்து கேட்டாலும் நான் நடு ஹாலைத் திறக்கக் கூடாது.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பின்தெருக் கதவை ஒட்டி எனக்கு ஓர் அறை. கட்டில், அடுப்பு, ஒரு பல்பு. மழையில் ஒழுகாத இடத்தில் நான் படுத்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

என் போனின் திரை உடைந்ததால்தான் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த அந்தச் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், ஷார்ஜாவில் கிடங்கு ஒன்றில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். கடைக் கல்லாவின் மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு விமானம் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைச் சிறகு, சிவப்புச் சாயம், மூக்கில் குட்டி விசிறி. முதல் உலகப் போர் காலத்து மாடல் என்றார்.

"பிள்ளைக்கா பாய்?"

"எனக்கு."

கேலி செய்வேன் என்று எதிர்பார்த்து ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். நான் செய்யவில்லை. உடனே கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். கிடங்கில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். இரண்டு விமானங்கள், ஓர் ஆங்கில விதிப்புத்தகம். விரித்து விளையாடும் துணி மட்டும் கப்பலில் நனைந்து அழுகிவிட்டது. திரும்பி வந்த மூன்று வருஷத்தில் கூட விளையாட ஓர் ஆள் கிடைக்கவில்லை. "கேரம் போர்டுன்னா நாப்பது பேர் வாரான். இதுன்னா என்னையவே ஒரு மாதிரி பாக்குறான்" என்றார்.

அவர் படித்துச் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். விளையாட்டு மேஜை மேல் நடக்கும் வான்சண்டை. பகடை உருட்டி அதிர்ஷ்டத்தில் ஓடுவது இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தங்கள் அடுத்த நகர்வைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நேர், இடது, வலது, ஏறு, இறங்கு. பிறகு இருவரும் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். திருப்பிய பின் மாற்ற முடியாது. உயரத்தைக் காட்டத் தண்ணீர் பாட்டில் மூடிகளை அடுக்கி அதன்மேல் விமானத்தை வைத்தோம். ஏறினால் வேகம் குறையும், இறங்கினால் கூடும். துப்பாக்கி முன்பக்கம் மட்டுமே சுடும்.

முதல் ஆட்டத்தில் நான் ஏறிக்கொண்டே போனேன். மேலே இருப்பவன் பாதுகாப்பாக இருப்பான் என்று நினைப்பு. நாலாவது மூடியில் வேகம் தீர்ந்து என் விமானம் அந்தரத்தில் நின்றது.

"மாப்ள, ஒன் பிளேனு டவுன் பஸ்ஸு மாதிரில்ல ஆள் ஏத்த நிக்குது. வானத்துல ஸ்டாப்பிங் கெடையாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே பாய் சுட்டார்.

இரண்டாம் ஆட்டத்தில் இன்னொரு விதி தெரிந்தது. எதிராளிக்கு நேர் பின்னால் வந்துவிட்டவனுக்கு ஒரு சலுகை உண்டு. முன்னால் பறப்பவன் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு அவன் தன்னுடையதை எழுதலாம். வாலைக் கொடுத்துவிட்டால் நாம் என்ன செய்யப்போகிறோம் என்று பின்னால் வருபவனுக்குத் தெரிந்துவிடும். அதைக் கேட்டதும் இன்னொரு ஆட்டம் போடலாம் என்றேன். அன்று கடைசி பஸ்ஸைத் தவறவிட இருந்தேன்.

கடைக் கல்லா சின்னது. நாலு நகர்வில் விமானம் விளிம்பைத் தாண்டிவிடும். என் அறையில் கட்டில் போக மீதி இடம் அடுப்புக்கு. அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து பாய் கடையைத் திறப்பதற்கு முன் இருந்த மதிய நேரத்தில், நடு ஹாலைத் திறந்தேன். செய்யக்கூடாத காரியம் என்று தெரிந்தேதான் செய்தேன். பின்தெருக் கதவு வழியாக அவரை உள்ளே விட்டேன்.

ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரை. சதுரம் சதுரமாக இருந்ததால் கல்லுக்கு ஒரு நகர்வு என்று வைத்துக்கொண்டோம். இரண்டு ஆட்டத்திலேயே கோளாறு தெரிந்தது. மூலைக்கு மூலை பறப்பவன் அதே ஒரு நகர்வில் அதிக தூரம் போய்விடுகிறான். பாய் அதைக் கண்டுபிடித்து, நேராகப் பறப்பதையே விட்டுவிட்டார்.

அந்த வீட்டைப் பெருக்க வாரத்தில் இரண்டு நாள் வரும் அக்கா விளக்குமாற்றோடு நின்று எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தது. கணவர் இல்லை, இரண்டு வீட்டு வேலையில் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தது. "என்னப்பா, ஏழு கழுதை வயசாச்சு, சொப்பு வச்சு வெளையாண்டுக்கிட்டு, அதுலயும் ஏமாத்து" என்றது. பிறகு, "சந்துப் புள்ளி வைங்களேன்" என்றது. ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி விழும்படி வைக்கும் கோலப்புள்ளி. "எந்தப் புள்ளியில நின்னாலும் சுத்தி ஆறு இருக்கும். ஆறும் ஒரே தூரம்" என்று சொல்லிக் கோலப்பொடியில் பத்து நிமிஷத்தில் தரை முழுக்க வைத்துக் கொடுத்தது. பாய் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அழுகிப்போன துணியின் படம் அதில் இருந்தது. அதிலும் அறுகோணங்கள்தான், ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு. "அட, இதுக்கா நான் மூணு வருஷமா இன்டர்நெட்ல விலை பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளி தவறாமல் ஆடினோம். போகும்போது அக்கா பெருக்கிவிடும். இப்படியே என் பத்தாவது மாதம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. மகளுக்குப் பிரசவம் என்று வலையபட்டிக்குப் போயிருந்தது. அதற்கு முந்தைய வாரம் முற்றத்துக் காற்றில் பொடி கலைந்து, என் விமானம் மூன்றாவது புள்ளியில் இருந்ததா நாலாவதிலா என்று எங்களுக்குள் வார்த்தை தடித்திருந்தது. மூன்று புள்ளிக்குள்தான் குண்டு எட்டும். இந்தத் தடவை கலையவே கூடாது என்று, காலையிலேயே அரிசியை ஊறவைத்து அரைத்தேன். துணியை மாவில் நனைத்து விரல் வழியாகச் சொட்டி நானே புள்ளி வைத்தேன். காய்ந்ததும் கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொண்டது. வான எல்லையைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது என்பதால் எல்லைக்கு வேறு நிறம் வேண்டியிருந்தது. அக்கா விளக்குமாறு வைக்கும் மாடத்தில் ஒரு டப்பாவில் செங்காவி இருந்தது. சுற்றிலும் காவியில் பட்டையாக ஒரு கோடு இழுத்தேன். நன்றாகவே வந்திருந்தது.

எங்கள் ஊர் கடலோரம். மாக்கோலத்துக்கும் பொடிக்கோலத்துக்கும் எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசம் பார்த்ததில்லை.

மதியம் ஆட்டம் தொடங்கியது. ஏழாவது சுற்றில் பாய் என் வாலைப் பிடித்தார். என் விமானம் இரண்டு மூடி உயரத்தில், அவருடையது மூன்றில், நேர் பின்னால். ஒரு சுற்றுக்கு ஒரு குண்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. நான் எழுதியதை அவர் எடுத்துப் பார்த்தார், சிரிக்காமல் தன் சீட்டை எழுதினார். அவர் சிரிக்காததுதான் பயமாக இருந்தது. என் கையில் மிச்சம் இருந்தது ஒரே வழி, தரை தட்டும் அளவுக்கு இறங்கி வேகம் எடுப்பது. அதையும் அவர் பார்ப்பார்.

முன்தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு ஹாரன். பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"யாரு மாப்ள?"

"தெரியல. நீங்க பின்னாடி போங்க."

பாய் விமானங்களையும் மூடிகளையும் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினார். நான் முன்பக்கம் ஓடினேன். அவ்வளவு நீள வீட்டில் ஓடும்போது, சொல்ல ஒரு பொய்யாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

வந்தது சென்னையிலிருக்கும் முதல் பங்கு ஆச்சி. கண்டரமாணிக்கத்தில் ஒரு கல்யாணம், போகிற வழியில் தன் அறையிலிருந்து ஒரு வெள்ளிச் சொம்பு எடுத்துப்போக வந்திருந்தார். "நல்லாருக்கியாப்பா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தவர் நடு ஹால் நிலைப்படியில் நின்றுவிட்டார். செருப்பு வெளியில் கிடந்தும் காலை ஒரு தரம் புடவையில் துடைத்துக்கொண்டார். அப்படித் துடைத்ததைப் பார்த்தபோதுதான் ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை. நடு வீட்டில் மாக்கோலம். சுற்றிலும் காவி. அந்தப் பக்கத்தில் அது விசேஷ வீட்டின் அடையாளம் என்று எனக்குத் தெரியாது.

"யாரு வீட்டு விசேஷம்?" என்றார், மெதுவாக.

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"ரெண்டாம் பங்குக்காரக மகளுக்குப் பேசி முடிச்சுட்டாகளா? கோலம் போடுற வரைக்கும் வந்தாச்சு, எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லையா?"

"ஆச்சி, அது வந்து..."

அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். கோயம்புத்தூரிலிருக்கும் இரண்டாம் பங்குக்காரரின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார், பிறகு சத்தியம் செய்தார், பிறகு கோபப்பட்டார். "மூத்தவளுக்கு நடந்தப்பவும் இப்படித்தான் கடைசியில சொன்னீக" என்று ஆச்சி சொல்ல, "பழசைக் கிளறத்தான் காரு வச்சு வந்தீகளா" என்று அவர் சொல்ல, அந்த ஹாலே அதிர்ந்தது. யாரோ ஒருவர் போனை வைத்தார். யாரென்று தெரியவில்லை.

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "போட்டது யாரு? அந்தப் பெருக்குற பொம்பளைதானே? அவளுக்குத் தெரியுமே, சொல்லாம கொள்ளாம எவுக கேட்டாலும் போடப்படாதுன்னு. நாளையிலேர்ந்து அவ இங்க காலெடுத்து வைக்க வேணாம்."

அந்த நிமிஷம் என் மனதில் ஓடியதை ஒளிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் என் வேலை நிலைக்கும். அக்கா ஊரில் இல்லை. பங்காளிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். இரண்டு மாதம் ஓட்டிவிட்டால் ஒரு வருஷம். நான் சும்மாதான் இருந்தேன். ஆச்சி தன் அறையைத் திறந்து, சொம்பை எடுத்துக்கொண்டு, பூட்டி, திரும்பி வரும்வரை சும்மா இருந்தேன்.

"நான்தான் போட்டேன் ஆச்சி."

"நீயா? ஆம்பளை நீ மாக்கோலம் போட்டியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"வெளையாட்டுக்கு. ஏரோப்பிளேன் சண்டை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. "அவுக சொல்லிக் குடுத்த பொய்யைக் கொஞ்சம் ஒழுங்கா சொல்லப்படாதா?" என்றார்.

பாய்க்குப் போன் செய்தேன். அவர் பைக்கைக் கிளப்பிப் பாதி வழி போயிருந்தார். வராமல் இருந்திருக்கலாம். வந்தார், இந்தத் தடவை முன்வாசல் வழியாக. ஆச்சிக்கு சலாம் சொல்லிவிட்டுக் கைக்குட்டையை அவிழ்த்து, மூடிகளை அடுக்கி, விமானங்களைப் புள்ளிகளில் வைத்தார். சற்று முன் நின்ற அதே இடத்தில், அதே உயரத்தில். மறக்கவில்லை. நான் நகர்வை விளக்கினேன். காவி ஏன் என்று சொன்னேன். ஆச்சி குனிந்து விமானங்களைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டாம் பங்குக்காரகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது ஆச்சி."

"நான் அவுகளை அந்தப் பேச்சுப் பேசிட்டேன்."

அவர் முகம் அப்போதுதான் சிவந்தது. பாய் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினார்.

"விசேஷம் இல்லாத வீட்டுல காவி போட்டு வச்சிருக்கே" என்றார் ஆச்சி. நான் வாளியை எடுக்கப் போனேன். "நில்லு. வெள்ளிக்கெழமை அதைத் தொடைக்கப்படாது. நாளைக்குத் தொடை." கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தேன். "அஞ்சு பேரும் சேர்ந்து வச்ச ஆளு நீ. அஞ்சு பேரையும் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஒன் ரூம்ல இருந்துக்க."

கார் போன பிறகு பாய், "நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கவா" என்றார். வேண்டாம் என்றேன். ஹாலை ஆச்சி திறந்தே விட்டுப் போயிருந்தார்; மறுநாள் காலை காவியைத் தேய்த்து எடுத்து, பூட்டை அமுக்கிப் பூட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று.

பையை அன்றே கட்டிவிட்டேன். இரண்டு சட்டை, கைலி, போர்வை, நோட்டு. போகச் சொல்லி ஒருவர் வாயால் கேட்பது என்னால் ஆகாத காரியம். காரைக்குடியிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றும் மறுநாளும் பின்தெருக் கதவு வரைக்கும் பையோடு போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் என் மனைவியைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது வேலையைப் பற்றி இல்லை.

"வெளையாண்டீகளா?"

"ஆமா."

"செயிச்சீகளா?"

"பாதியில நின்னுபோச்சு."

"பையைக் கட்டியாச்சா?"

பொய் சொல்ல நினைத்தேன். "கட்டிட்டேன்."

"அவுத்து வைங்க. அவுக போகச் சொன்னாப் போங்க, அதை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களா போனீகன்னா அங்குட்டே போயிருங்க. இங்குட்டு வரவேணாம்."

அவிழ்த்தேன். போர்வையை மட்டும் எடுத்தேன், மற்றதை எடுக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

பதினோரு நாள் தகவல் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தேன். பெரும்பாலும் ரீசார்ஜ் பண்ணச் சொல்லும் போன் கம்பெனிக்காரன். பன்னிரண்டாம் நாள் இரண்டாம் பங்குக்காரர் கூப்பிட்டார். "ஒன்னை எடுத்துரணும்னு மொதப் பங்கு ஆச்சி சொல்றாக. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ஒனக்காக இல்ல. ஸ்பீக்கர்ல போட்டு என்னைய அந்தக் கேள்வி கேட்டாகள்ல, மொதல்ல அதுக்கு அவுக எனக்குப் பதில் சொல்லட்டும்" என்றார். நாலாம் பங்குக்காரர் இவர் பக்கமாம். ஐந்து பேரும் சேர்ந்து வைத்த ஆளை ஐந்து பேரும் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். அவர்கள் எப்போது சேர்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கே சேர்ந்தாலும் சேரலாம். நான் கிளப்பிவிட்ட சண்டையில்தான் என் கூரை நிற்கிறது என்பது சந்தோஷப்படும்படியாக இல்லை.

ஹால் சாவி காரைக்குடியில் ஐந்தாம் பங்கு ஆச்சியிடம் போய்விட்டது. பெருக்க வேண்டுமானால் அக்கா பஸ் ஏறிப்போய் வாங்கி வர வேண்டும். பேரன் பிறந்த சந்தோஷத்தில் வந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தன் பெயர் அடிபட்டபோது நான் சும்மா நின்றதையும் சேர்த்து. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து, "ஒன் பிளேனு பறந்துச்சோ இல்லையோ, என்னைய வாரம் ரெண்டு தடவை பறக்க வச்சுட்ட" என்றது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது பாய் கடையின் பின்பக்கம் ஆடுகிறோம். யாரோ கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு மார்க்கரில் புள்ளி. அந்தப் பழைய ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பாய் சொன்னார். நான் இறங்கினேன், அவர் அதைப் பார்த்துவிட்டு என் பின்னாலேயே இறங்கினார். ஒரே குண்டில் முடிந்தது.

வருஷம் முடிந்த மறுநாள் என் மனைவிக்குப் போன் செய்யவில்லை. அவளே நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பாள். நாலு நாள் கழித்துப் பின்தெருவில் ஆட்டோ நின்றது. ஒரு கைப்பையோடு இறங்கினாள். ஒரு வாரத் துணிக்கு மேல் அதில் கொள்ளாது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"மீதியெல்லாம் அம்மா வீட்டுல இருக்கு" என்றாள். "அவுக அஞ்சு பேரும் பேசிக்கிட்டாகளா?"

"இன்னும் இல்ல."

"பேசிக்கிட்டாகன்னா?"

"ஒனக்குப் போன் பண்ணிட்டுத்தான் போவேன்."

"நான்தான் இங்கே இருக்கேனே, யாருக்குப் போன் பண்ணுவீக?" என்று கேட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் போய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தாள். காலை ஆறுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றேன். நாளைக்கு வருமா என்றாள். வரும் என்றேன். குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.